ஐம்பதாம் நம்பர்க் கண்

செல்வநாயகத்தாரின் தண்ணீர்த் தாங்கிக்கு வெடி வைத்தவர் யார் என்பது நறுவிலிக்குளத்தில் ஒருவருக்கும் தெரியாது என்று நவரத்தினம் ஒரு வருடமாக நம்பிக்கொண்டிருந்தார். ஊரில் சுடுவதற்குத் துவக்கு வைத்திருந்தவர் அவர் ஒருவர்தான் என்பதை அவர் யோசிக்கவில்லை.

தாங்கி என்றால் சின்னச் சாமான் இல்லை. மீள்குடியேறி வந்த புதிதில் ஒரு நிறுவனம் கொண்டுவந்து இறக்கிய ஆயிரம் லீற்றர்க் கறுப்புப் பிளாஸ்ரிக் தாங்கி. அதை ஏற்றி வைக்கிற சீமெந்து மேடை அடுத்த கிழமை கட்டப்படும் என்று சொல்லிவிட்டுப் போனார்கள். இரண்டு வருடமாகியும் அந்த அடுத்த கிழமை வரவில்லை. ஆகவே தாங்கி, செல்வநாயகத்தாரின் வளவுக்கும் வயலுக்கும் இடையில், வரம்போரமாகச் சரிந்து கிடந்து மழைத்தண்ணீர் பிடித்தது.

தை மாதம், நெல் பால் பிடித்திருந்த நேரம். வெளிச்சம் மங்குகிற மைமல் பொழுதில், நாற்பது கவடு நடை தள்ளி, ஒரு கொழுத்த பன்றி வரம்பைக் கிண்டிக்கொண்டு நிற்பதை நவரத்தினம் கண்டார். குறி பார்த்து வெடி வைத்தார். பன்றி ஓடவில்லை. விழவில்லை, கத்தவுமில்லை. மாடு மூத்திரம் பெய்வது போல ஒரு சத்தம் மட்டும் வந்தது. அது வெகுநேரம் நிற்கவேயில்லை. கிட்டப் போய்த் தொட்டுப் பார்த்தார். பிறகு துவக்கைத் தோளில் போட்டுக்கொண்டு, வந்த வழியை விட்டு, வாய்க்காலோரமாகச் சுற்றி வீட்டுக்குப் போனார்.

அடுத்த நாள் காலை செல்வநாயகத்தார் ஒரு பழைய செருப்பின் குதிப்பக்கத்தை வெட்டி ஓட்டையில் செருகி, மேலே தார் பூசினார். ஆர் செய்த வேலை என்று ஒருவரையும் கேட்கவில்லை. கேட்காமல் விட்டதிலேயே நவரத்தினத்துக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும்.

நவரத்தினத்துக்கு அப்போது ஐம்பத்தெட்டு வயது. அந்த ஊரிலேயே பிறந்தவர், அந்த ஊரிலேயே கலியாணம் முடித்தவர். இரண்டுக்கும் பிறகு சண்டையால் இடம்பெயர்ந்து நாலு இடத்தில் இருந்தவர். ஒவ்வொரு இடத்துக்கும் போகும்போது பன்னிரண்டு கூரைத் தகரங்களைக் கழற்றிக் கட்டிக்கொண்டு போய், போன இடத்தில் திரும்ப அறைந்தார். கடைசியாகச் செட்டிகுளம் முகாமிலிருந்து ஊருக்கு வரும்போது ஏழு தகரம் மிஞ்சியிருந்தது. வீட்டுத்திட்டத்தில் அவருடைய பேர் வந்துவிட்டது, வீடு வரவில்லை. அந்த ஏழு தகரத்தையும் வைத்து ஒரு கொட்டில் போட்டார். அறைந்து அறைந்து கழற்றிய தகரத்தில் ஆணித் துளைகள் நெற்றியில் அம்மை வந்த மாதிரி இருக்கும். மழைக்கு மனைவி மனோன்மணி அவற்றைச் சவர்க்காரத் துண்டால் அடைப்பாள். வெயில் காலத்தில் அவை தம்பாட்டில் திறந்துவிடும்.

கட்டுக்கரைக் குளத்துத் தண்ணீர் வாய்க்காலில் திரும்ப ஓடத் தொடங்கி, தரிசு கிடந்த காணிகளில் நெல் தலையெடுத்ததும் முதலில் மீள்குடியேறியவை பன்றிகள்தான். அவற்றுக்குப் பதிவு, படிவம் ஒன்றும் தேவைப்படவில்லை. விவசாயிகளின் கமக்காரர் அமைப்பு அரசாங்கக் கச்சேரிக்கு எழுதி, எழுதி, கடைசியில் பயிர்ப் பாதுகாப்புக்கென்று ஒரு இடியன் துவக்குக்கு அனுமதி கிடைத்தது. குழலின் வாய்வழியே வெடிமருந்தும் ஈயக் குண்டும் போட்டு, கம்பியால் இடித்து நிரப்புகிற துவக்கு. ஒரு வெடி வைத்தால் அடுத்த வெடிக்குள் பன்றி தன்னுடைய ஊருக்குப் போய்ச் சேர்ந்துவிடும். ஆகவே முதல் வெடி சரியாக இருக்கவேண்டும். பழைய காலத்தில் குறி தப்பாதவர் என்று பேர் எடுத்த நவரத்தினத்தின் பேரில் அனுமதிப் பத்திரம் எழுதப்பட்டது.

துவக்கு என்ற சொல்லுக்கே வாயைப் பொத்திக்கொண்டு முப்பது வருடம் வாழ்ந்த மனிதனுக்கு, துவக்கு வைத்திருக்கலாம் என்று படம் ஒட்டி, முத்திரை குத்தி, கையெழுத்தும் போட்ட கடதாசி கிடைத்தால் என்ன செய்வான்? நவரத்தினம் அதை நானாட்டானுக்குக் கொண்டுபோய்ப் பிளாஸ்ரிக் உறை போட்டு ஒட்டுவித்தார். அடுத்த வருடம் புதுப்பிக்கப் போனபோது, முத்திரை எங்கே குத்துவது என்று கந்தோரில் ஏசினார்கள். கத்தியால் வெட்டி எடுத்ததில் படத்திலிருந்த அவருடைய ஒரு காது போய்விட்டது.

அந்தப் பத்திரத்தை வருடாவருடம் மார்கழியில் புதுப்பிக்கவேண்டும். அதற்குக் கமக்காரர் அமைப்பின் கடிதம் வேண்டும். அமைப்பின் தலைவர் செல்வநாயகத்தார்.

கார்த்திகைக் கூட்டத்தில் பசளை, வாய்க்கால் துப்புரவு எல்லாம் பேசி முடித்த பிறகு, இன்னுமொரு சின்ன விசயம் என்று செல்வநாயகத்தார் தொடங்கினார். இந்த முறை கடிதம் சும்மா எழுத முடியாது, கேட்கிற ஆட்களுக்குப் பதில் சொல்லவேண்டியிருக்கு என்றார். ஒருவரும் ஒன்றும் கேட்டிருக்கவில்லை. வாற மாதம் முதலாம் ஞாயிறு காலை பத்து மணிக்கு, ஐம்பது கவட்டில் ஒரு தகரப் பெயின்ற் பேணி வைக்கப்படும். நவரத்தினம் மூன்று வெடியில் இரண்டு பட வைக்கவேண்டும். தவறினால் கடிதம் துஷாந்தனின் பேருக்குப் போகும்.

துஷாந்தனுக்கு இருபத்தாறு வயது. கண் கூர். சந்தியில் திரும்புகிற பஸ்ஸின் நம்பரை வாசிகசாலையில் இருந்தபடி சொல்லுவான். காவலுக்கு விட்டால் மட்டும் கைத்தொலைபேசியைப் பார்த்துக்கொண்டிருப்பான். முகத்தில் வெளிச்சம் அடிக்கும். அது என்ன வெளிச்சம் என்று பார்க்கப் பன்றிகள் கிட்ட வரும் என்று ஊரில் கதை.

நவரத்தினம் கூட்டத்தில் தலையாட்டிவிட்டு வந்தார்.  அன்றைக்கு மனோன்மணி சட்டைக்குப் பொத்தான் தைக்க ஊசியும் நூலும் கையில் கொடுத்துக் கோத்துத் தரச் சொன்னாள். நாலு தரம் முயன்றார். ஐந்தாம் தரம் நூலை எச்சில் பண்ணினார்.

"ஊசிக் கண்ணே தெரியேல்லை உங்களுக்கு. பேணி எப்பிடித் தெரியப் போகுது?" என்றாள் மனோன்மணி.

"பேணி ஊசியை விடப் பெரிசு."

"தாங்கி அதைவிடப் பெரிசு."

நவரத்தினம் ஊசியைத் திருப்பிக் கொடுத்தார். தாங்கி விசயம் இவளுக்கு எப்படித் தெரியும் என்று கேட்க வாயெடுத்தார், கேட்டால் ஒப்புக்கொண்டதாகிவிடும் என்று விட்டுவிட்டார்.

அவருடைய கண்ணில் நோய் ஒன்றும் இல்லை. நடமாடும் கண் முகாமில் பார்த்தபோது, வயதுக்கு வாற குறைதான், வாசிக்கக் கண்ணாடி போடுங்கோ என்று ஒரு கண்ணாடியும் தந்தார்கள். கரைச்சல் என்னவென்றால், துவக்கில் மூன்று சாமான் ஒரே கோட்டில் தெரியவேண்டும். கண்ணுக்குக் கிட்ட, குழலின் பின்பக்கத்தில் ஒரு வெட்டு. குழல் நுனியில் ஒரு மணி. அதற்கப்பால் பன்றி. இளம் கண் மூன்றுக்கும் இடையில் ஓடித் திரியும். நவரத்தினத்தின் கண் ஓடித் திரிகிற வயதைத் தாண்டிவிட்டது. கண்ணாடி போட்டால் வெட்டு தெரியும், பன்றி பஞ்சு மூட்டையாகும். கழற்றினால் பன்றி தெரியும், வெட்டு கரைந்துவிடும். வேட்டைக்குப் போய் நின்று கண்ணாடியைப் போட்டும் கழற்றியும் பார்க்க, பன்றி அதுவரைக்கும் காத்து நிற்கவேண்டும்.

வழி தகரத்தில் இருந்து வந்தது. ஒரு மத்தியானம் கொட்டிலுக்குள் பாயில் சரிந்து கிடந்தபோது, முகத்துக்கு நேரே சுவரில் அறைந்த தகரத்தில் ஒரு ஆணித் துளை. சும்மா கண்ணை வைத்தார். வயலுக்கு அப்பால் ஒரு பனையில் இருந்த காகத்தின் சொண்டு தெரிந்தது. கண்ணை எடுத்தால் பனையே மங்கல். திரும்ப வைத்தால் சொண்டு. பக்கத்துத் துளையில் வைத்தார். அது முகாமில் அடித்த பெரிய ஆணியின் துளை. அதற்குள்ளால் காகம் தெரிந்தது, சொண்டு அவ்வளவாக இல்லை. பிறகு அந்தத் தகரம் முழுக்க ஒவ்வொரு துளையாகக் கண் வைத்துப் பார்த்துக்கொண்டு போனார். மனோன்மணி சோறு போட்டு வைத்துவிட்டுக் கூப்பிட்டபோது அவர் சுவரோடு முகம் ஒட்டிக் குந்திக்கொண்டிருந்தார்.

"வெளியில வந்து பார்த்தாலும் அதே வயல்தான்," என்றாள்.

வெட்டுக்குப் பதிலாகத் துவக்கின் பின்பக்கத்தில் ஒரு துளை வைத்தால், அதற்குள்ளால் நுனி மணியும் அப்பால் உள்ளதும் ஒன்றாகத் தெரியும் என்று அவருக்கு விளங்கிவிட்டது. முதலில் சைக்கிள் வாசர் ஒன்றைத் தேன்மெழுகு வைத்துக் குழலில் நிறுத்தினார். வாசரின் துளை அகலம். அதற்குள்ளால் பன்றி மட்டுமில்லை, பன்றியின் இனசனம் எல்லாம் தெரியும் போலிருந்தது. பத்து மணி வெயிலுக்கு மெழுகு இளகி, வாசர் வழுகி மடியில் விழுந்தது. இதற்கு ஒரு வேலை தெரிந்தவன் வேண்டும் என்று முடிவு செய்தார்.

வேலை தெரிந்தவர் சிலாவத்துறையில் இருந்தார். சரிபுதீன், வள்ளத்து இயந்திரம் திருத்துகிறவர். இருபது வருடம் புத்தளத்தில் இருந்துவிட்டுத் திரும்பி வந்து, தன்னுடைய வளவில் நின்ற காட்டை வெட்டித்தான் தன்னுடைய வளவைக் கண்டுபிடித்தவர். வெட்டும்போது, இடிந்த சுவருக்கடியில் ஒரு பித்தளைத் தட்டு அடுக்கு அகப்பட்டது. ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கிய, சல்லடை போலத் துளையிட்ட சிறு தட்டுகள். அந்தக் கடலில் முத்துக் குளித்த காலத்தில் முத்தைப் பெரிது சிறிதாகப் பிரிக்க வைத்திருந்தவை. முத்து இல்லாவிட்டாலும் தட்டு நல்ல தட்டு. சரிபுதீன் அதைத் துளை போடுகிற துறப்பணத்துக்கு அளவு பார்க்க வைத்துக்கொண்டார். யாரும் ஒரு துளை போடக் கேட்டால், என்ன நம்பர் என்று கேட்பார்.

துவக்கைப் பஸ்ஸில் கொண்டுபோகிற காலம் அது இல்லை. நவரத்தினம் குழலின் அகலத்தையும், நுனி மணியின் உயரத்தையும் இரண்டு ஈர்க்குத் துண்டில் முறித்து, சட்டைப் பையில் வைத்துக்கொண்டு போனார். பாலத்தடியில் பஸ்ஸை மறித்த ஆமிக்காரர் ஈர்க்கை எடுத்துப் பார்த்தார். நவரத்தினம் பல்லைக் காட்டி, பல் குத்துகிற மாதிரிச் செய்து காட்டினார். ஆமிக்காரர் ஈர்க்கைத் திருப்பிக் கொடுத்தார்.

கடையில் சரிபுதீன் ஒரு இயந்திரத்துக்குள் தலையை விட்டிருந்தார். தலையை எடுக்காமலே என்ன வேணும் என்று கேட்டார். நவரத்தினம் ஈர்க்குகளைக் கொடுத்து, துவக்குக்கு ஒரு கண் வேணும் நானா என்று விளக்கினார். எதற்குச் சுட என்று அவர் கேட்டபோதுதான் நவரத்தினத்துக்கு வாய் தடக்கியது. ஒரு முஸ்லிம் வீட்டு முற்றத்தில் நின்றுகொண்டு பன்றி என்ற சொல்லை எப்படிச் சொல்வது? காலையில் குளித்து, திருநீறு பூசி, நல்ல சட்டை போட்டு வந்த மனிதர். மரியாதைப்பட்ட இடம்.

"ஒரு பேணிக்கு," என்றார்.

அது பொய்யும் இல்லை.

"பேணிக்கா? சரி. என்ன நம்பர்?"

தட்டு அடுக்கு ஒரு துணியில் சுற்றிச் சுவர் இறாக்கையில் இருந்தது. பக்கத்துப் பலகையில் வெண்கட்டியால் இருபது, ஐம்பது, நூறு, இருநூறு, நானூறு என்று எழுதியிருந்தது. நவரத்தினத்தின் சீவியத்தில் நம்பர் கூடினால் சாமானும் பெருக்கும். எட்டாம் நம்பர்ச் செருப்பு ஆறாம் நம்பரை விடப் பெரிது. மூன்று அங்குலப் பம்ப் இரண்டு அங்குலப் பம்பை விடத் தண்ணீர் கூட இறைக்கும். வயது போன கண்ணுக்குப் பெரிதாக இருந்தால்தானே நல்லது என்று எண்ணி, நானூறு என்றார்.

"நல்ல நம்பர்தான்," என்றார் சரிபுதீன். ஒரு பித்தளைக் கதவுப் பிணைச்சலை வெட்டி, ராவி, துறப்பணம் போட்டு, குழலில் இறுக்குவதற்கு இரண்டு திருகாணியும் வைத்துக் கொடுத்தார். துளை ஒரு குண்டூசித் தலை அளவுதான் இருந்தது. நவரத்தினத்துக்குச் சப்பென்று போய்விட்டது. ஆனாலும் நம்பர் சொன்னது அவர்தானே. வாசலில் நின்று கடலைப் பக்கம் பிடித்துக் கண்ணை வைத்தார். கரையில் ஏற்றியிருந்த வள்ளத்தின் பக்கத்தில் எழுதியிருந்த நம்பரை ஒன்றும் விடாமல் வாசித்தார். சரிபுதீன் வந்து தேத்தண்ணி கொடுத்தார். வீடு வரும்வரைக்கும் பஸ்ஸில் அவர் அந்தத் துளைக்குள்ளால்தான் மன்னாரைப் பார்த்துக்கொண்டு வந்தார். பக்கத்திலிருந்த மனிசி இடம் மாறி இருந்துகொண்டது.

அடுத்த நாள் பகல் ஒரு பால்மாப் பேணியை வரம்பில் வைத்து இரண்டு வெடி வைத்தார். இரண்டும் பட்டது. இரண்டாவது வெடி பேணியில் எழுதியிருந்த எழுத்தொன்றின் வயிற்றுக்குள்ளால் போயிருந்தது. ஞாயிற்றுக்கிழமைக்கு இன்னும் ஆறு நாள் கிடந்தது. இப்போதே கடிதம் கையில் வந்த மாதிரி அவர் நடந்தார். கடையடியில் துஷாந்தனைக் கண்டு, என்ன தம்பி, கண் சுகமோ என்று கேட்டார்.

அன்று பின்னேரம் தூறல். நவரத்தினம் துவக்கை நிரப்பிக்கொண்டு, வயலில் உயரக் கட்டிய காவல் கொட்டிலில் ஏறிக் குந்தினார். பொழுது பட்டு, வயலும் வரம்பும் ஒரே நிறத்துக்கு வந்துகொண்டிருந்தன. வாய்க்கால் பக்கத்தில் கறுப்பாக ஒன்று அசைந்தது. தாழ்வாக, அகலமாக, நெல்லை விலக்கிக்கொண்டு. அவர் துவக்கை எடுத்து, அடிப்பக்கத்துப் பிடங்கைத் தோளில் வைத்து, கண்ணைத் துளையில் வைத்தார்.

துளைக்குள் ஒன்றும் இல்லை. இருட்டு. மணி இல்லை, வரம்பு இல்லை, கறுப்பும் இல்லை. கண்ணை எடுத்துப் பார்த்தார், கறுப்பு கிட்ட வந்துகொண்டிருந்தது. திரும்ப வைத்தார், இருட்டு. விரல் விசையில் இருந்தது. அந்தக் கறுப்பு நிற்கிற திசையை மனத்தில் பிடித்து ஒரு வெடி வைக்கலாமோ என்று ஒரு கணம் யோசித்தார். போன தையிலும் அப்படித்தான் யோசித்தவர். துவக்கைக் கீழே பதித்தார்.

"தேத்தண்ணி ஆறப் போகுது," என்றது கறுப்பு.

மனோன்மணி மழைக்குக் கறுப்புப் பொலித்தீன் பையைத் தலையில் கொளுவி, சேற்றில் வழுக்காமல் குனிந்து குனிந்து வந்திருக்கிறாள். ஏணியடியில் நின்று தேத்தண்ணிப் போத்தலை மேலே நீட்டினாள். நவரத்தினம் வாங்கவில்லை. இரண்டு கையாலும் துவக்கைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

அவள் கொஞ்ச நேரம் துவக்கைப் பார்த்தாள். பிறகு பையைத் தலையில் இருந்து எடுத்து உதறி மடித்தாள். தூறல் அவளுடைய தலையில் விழுந்தது.

"பத்து மணிக்குப் பேணி தெரியும். சரி," என்றாள். "ஆறு மணிக்கு என்ன செய்யப் போறியள்?"

 அவள் போத்தலைப் படியில் வைத்துவிட்டு வந்த வழியால் போனாள், இந்த முறை நிமிர்ந்து. நவரத்தினம் அவள் வீட்டு விளக்கடிக்குப் போய்ச் சேரும்வரைக்கும் அவளுடைய முதுகைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு இறங்கி, துவக்கில் இருந்த வெடியைச் சேற்றுக்குள் வைத்து முடித்துவிட்டுத் தேத்தண்ணியைக் குடித்தார். அது ஆறித்தான் இருந்தது.

விடிய முதல் பஸ்ஸில் சிலாவத்துறைக்குப் போனார். சரிபுதீன் அப்போதுதான் கடையைத் திறந்தார்.

"நானா, இது பகலுக்குச் சரி. எனக்கு மைமலுக்கு வேணும்."

"மைமலுக்குப் பேணிக்குச் சுடுறதா?"

நவரத்தினம் கடற்கரையைப் பார்த்தார். கடையின் கூரையைப் பார்த்தார். வேறு வழி இருக்கவில்லை.

"பேணிக்கில்லை. பன்றிக்கு."

சரிபுதீன் கையிலிருந்த சாவியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். அடக்கமான மனிதர், ஆனாலும் தாடி குலுங்கியது.

"அதை முதல்லயே சொல்றதுக்கென்ன அண்ணே. சொன்னா ஹறாமில்ல. திண்டாத்தான் ஹறாம். எங்கட வயலுக்கும்தான் வருது."

பிறகு துணியை அவிழ்த்துத் தட்டுகளைப் பலகையில் வரிசையாக வைத்தார். நம்பர் என்பது துளையின் அளவு இல்லை, தட்டில் உள்ள துளைகளின் எண்ணிக்கை. ஒரே அளவுத் தட்டில் நானூறு துளை போடவேண்டுமென்றால் ஒவ்வொன்றும் எவ்வளவு சின்னனாக இருக்கும்? இருபது துளைத் தட்டில் தங்குவது பெரிய முத்து, நானூறில் தங்குவது பொடி. நவரத்தினம் தட்டுகளைப் பார்த்துக்கொண்டு நின்றார். எட்டாம் நம்பர்ச் செருப்பைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை.

சின்னக் கண் கூர்மையாகக் காட்டும், ஆனால் வெளிச்சத்தைக் குடித்துவிடும் என்றார் சரிபுதீன். பெரிய கண் அவ்வளவு கூரில்லை, ஆனால் மைமலில் உள்ள கொஞ்ச வெளிச்சத்தையும் உள்ளே விடும். இருபது வாசர் மாதிரி அகலம், நூறு காலமைக்குச் சரி. பொழுது படுகிற நேரத்துக்கு ஐம்பதுதான். வளையத்தைப் பார்க்கவேண்டாம், அதை மறந்துவிட்டு மணியைப் பார்த்தால் கண் தானாகவே நடுவுக்குப் போகும் என்று சொல்லிக்கொண்டே அதே பிணைச்சலின் மற்றப் பாதியில் துளை போட்டார். நவரத்தினம் கடைக்குள்ளே, இருட்டான மூலையைப் பிடித்துக் கண்ணை வைத்துப் பார்த்தார். இறாக்கையில் இருந்த எண்ணெய்ப் போத்தலும், அதற்குப் பின்னால் பதுங்கியிருந்த பூனையும் தெரிந்தன. எது போத்தல், எது பூனை என்று தெரிந்ததுதான் முக்கியம்.

இப்போது அவரிடம் இரண்டு கண். ஞாயிறு பத்து மணிக்கு நானூறை இறுக்கிக்கொண்டு போனால் கடிதம் நிச்சயம். ஐம்பதோடு போனால், ஐம்பது கவட்டில் பேணியின் எழுத்து தெரியாது, மூன்றில் ஒன்றுதான் படும், சிலவேளை அதுவுமில்லை. வீட்டில் இரண்டு தகட்டையும் பாயில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். மனோன்மணி அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் நடந்தாள். கறுப்புப் பொலித்தீன் பை கொடியில் தொங்கியது.

வெள்ளிக்கிழமை காலை நவரத்தினம் செல்வநாயகத்தாரின் வளவுக்குப் போனார். செல்வநாயகத்தார் தாங்கிக்குப் பக்கத்தில் கதிரை போட்டு இருந்து முகம் வழித்துக்கொண்டிருந்தார்.

"தலைவர், பேணியைப் பின்னேரம் வைக்கேலாதோ? பன்றி பத்து மணிக்கு வாறேல்லை."

"பத்து மணி உமக்கு வசதியெண்டுதான் வைச்சனான்."

"அதுதான்," என்றார் நவரத்தினம். தாங்கியில் செருகியிருந்த செருப்புத் துண்டைப் பார்த்தார். "போன தையில உங்கட தாங்கிக்கு வெடி வைச்சது நான்."

"ஓம்," என்றார் செல்வநாயகத்தார். கண்ணாடியில் மற்றக் கன்னத்தைப் பார்த்தார். "ஞாயிறு ஆறு மணிக்கு வாரும்."

ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் மழை இல்லை. ஊரில் பத்துப் பதினைந்து பேர் வரம்பில் வந்து குந்தியிருந்தார்கள். பேணியைக் காணவில்லை. செல்வநாயகத்தார் நவரத்தினத்தை வயலுக்கு முதுகு காட்டி நிற்கச் சொல்லி, நல்லாகப் பொழுது பட்ட பிறகு திருப்பினார். பகிடிக்குக் குறைவில்லாத மனிதர்.

"அங்கால வரம்பில சாமான் இருக்கு. எது எதெண்டு பார்த்து, வைக்கவேண்டியதுக்கு வெடி வையும். ஒரு வெடிதான்."

ஐம்பது கவட்டுக்கு அப்பால் மூன்று கறுப்பு. வெறும் கண்ணுக்கு மூன்றும் பன்றி. துஷாந்தன் கூட, மூண்டும் ஒண்டு போலத்தான் கிடக்கு என்று பக்கத்தில் நின்றவனுக்குச் சொன்னான்.

நவரத்தினம் துவக்கை எடுத்தார். ஐம்பதாம் கண்ணுக்குள் வளையம் கரைந்து போய், மணி மங்கலாக, ஆனால் இருந்தது. இடது பக்கத்துக் கறுப்பில் வைத்தார். முதுகு மிக ஒழுங்கான வளைவு, பன்றிக்கு அவ்வளவு ஒழுங்கு வராது.

"இடப்பக்கம் இருக்கிறது தாங்கி," என்றார்.

இரண்டு பேர் சிரித்தார்கள். செல்வநாயகத்தார் சிரிக்கவில்லை.

"நடுவில வைக்கோல் அடைஞ்ச உரப்பை. காது மாதிரி ரெண்டு பக்கமும் கட்டியிருக்கு."

"ம்."

வலது பக்கத்துக்குத் துவக்கைத் திருப்பினார். வெகுநேரம் பார்த்தார். அது தாழ்வாக இருந்தது. ஒரு தரம் அசைந்த மாதிரி, அசையாத மாதிரி. பன்றியாக இருக்கலாம். குனிந்திருக்கிற ஆளாகவும் இருக்கலாம், தலையில் கறுப்புப் பை கொளுவிய ஆளாக.  நவரத்தினம் துவக்கைக் கீழே பதித்தார்.

"மற்றது எனக்குத் தெரியேல்லை. தெரியாததுக்கு வெடி வைக்க மாட்டன். கடிதத்தைத் துஷாந்தன்ர பேருக்கு எழுதுங்கோ."

செல்வநாயகத்தார் அவரைப் பார்த்தார்.

"நான் ரெண்டுதான் வைச்சனான்," என்றார்.

டோர்ச் வெளிச்சத்தில் எல்லோருமாகப் போய்ப் பார்த்தார்கள். தாங்கி கிடந்தது. உரப்பை கிடந்தது. மூன்றாவது இருந்த இடத்தில் வரம்பு கிண்டியிருந்தது, புது மண், அதில் பன்றிக் குளம்பு பதிந்திருந்தது. சேறு இன்னும் அந்தக் குளம்புக் குழிக்குள் வழுகிக்கொண்டிருந்தது. இவ்வளவு சனத்துக்கு நடுவில் வந்து, பரீட்சையில் பங்குபற்றிவிட்டுப் போயிருக்கிறது.

"நான் எண்டால் வைச்சிருப்பன்," என்றான் துஷாந்தன்.

"ஓம். நீ வைச்சிருப்பாய்," என்றார் செல்வநாயகத்தார்.

அவர் கடிதத்தை ஏற்கெனவே எழுதிச் சட்டைப் பைக்குள் வைத்திருந்தார். பேர் எழுதுகிற இடம் மட்டும் வெறுமையாக இருந்தது. தாங்கியின் முதுகில் கடதாசியை வைத்து, டோர்ச்சைப் பல்லில் கவ்விக்கொண்டு நவரத்தினத்தின் பேரை எழுதினார். எழுதி முடித்து, அதே பைக்குள் இருந்து சப்பையாகிப் போன ஈயக் குண்டொன்றையும் எடுத்துக் கையில் வைத்தார். தாங்கி கழுவும்போது அடியில் கிடந்தது, இது உம்முடைய சாமான்தானே என்றார். நவரத்தினம் இரண்டையும் வாங்கிக்கொண்டார். பிறகு நிரப்பிய துவக்கை வீட்டுக்குள் கொண்டுபோகக் கூடாது என்பதால், திரும்பி வந்து நின்று, வைக்கோல் உரப்பைக்கு ஒரு வெடி வைத்தார். அது பட்டது. ஒருவரும் அதைப் பெரிதாக எடுக்கவில்லை, எல்லோரும் வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்தார்கள்.

அந்த வருடத்துப் பத்திரத்துக்கு அவர் பிளாஸ்ரிக் உறை போடவில்லை. தையில் இரண்டு பன்றி விழுந்தது. அதில் ஒன்றை விழுத்திய குண்டு, தாங்கிக்குள் கிடந்த ஈயத்தை உருக்கி வார்த்தது என்று அவர் சொல்லுவார். அதை நம்புவதும் விடுவதும் அவரவர் விருப்பம்.

நானூறாம் கண் தகடு தேவையில்லாமல் கொஞ்ச நாள் யன்னற்படியில் கிடந்தது. ஒரு பகல் மனோன்மணி சட்டை தைக்க இருந்தவள், அதை எடுத்துத் தன்னுடைய கண்ணுக்குக் கிட்டப் பிடித்து, ஊசியை வாசல் நிலையில் குத்தி வெளிச்சத்துக்கு நேரே நிறுத்தினாள். முதல் முறையிலேயே நூல் போனது. அவளுக்கும் ஐம்பத்தைந்து வயது. இவ்வளவு காலமும் ஊசி கோத்துத் தரச் சொல்லி அவரிடம் ஏன் கொடுத்தாள் என்பது நவரத்தினத்துக்கு அப்போதுதான் விளங்கியது.  தகட்டில் திருகாணிக்குப் போட்ட ஓட்டையில் ஒரு நூலைக் கட்டி, அவளுடைய தையல் பேணிக்குள் போட்டுவிட்டுக் காவலுக்குப் போனார்.